ஆண்கள் கண்ணில் காட்டவே கூடாத கொழுக்கட்டை என்று ஒன்று உண்டா?

உண்டு. ஔவையார் நோன்புக் கொழுக்கட்டைதான் அது. தென் தமிழகத்தில், குறிப்பாகக் கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில், பெண்கள் மட்டுமே கூடிச் செய்யும் நோன்பு இது. "அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி" என்று சொல்வார்கள். அதாவது இந்த மூன்று மாதச் செவ்வாய்க்கிழமைகளில் ஏதாவது ஒன்றில் இருந்துவிட வேண்டும்.

வீட்டு ஆண்கள் தூங்கிய பிறகு, ஒரு வீட்டில் பெண்கள் கூடுவார்கள். ஆண் குழந்தைக்குக்கூட அங்கே இடமில்லை. பச்சரிசியை ஊறவைத்து இடித்து, அந்த மாவில் விதவிதமான வடிவங்களில் கொழுக்கட்டை பிடித்து அவிப்பார்கள். உப்பு மட்டும் போடவே மாட்டார்கள். அப்புறம் மூத்த பெண் ஒருவர் ஔவையார் கதை சொல்ல, மற்றவர்கள் கேட்பார்கள். விடிவதற்குள் கொழுக்கட்டை முழுவதையும் அவர்களே தின்று தீர்த்துவிட வேண்டும்.

சிறுவனாக இருந்தபோது காலையில் எழுந்ததும் அடுக்களைக்கு ஓடிப் பார்ப்பேன். உரல் கழுவிக் கவிழ்த்த மாதிரி சுத்தமாக இருக்கும், ஒரு துளி மாவு ஒட்டியிருக்காது. பாட்டியிடம் எத்தனை முறை கேட்டாலும் சிரிப்புதான் பதில். ஊரே ஒருவர்மேல் ஒருவர் நம்பிக்கை வைத்துக் காத்த அந்த ரகசியம் எனக்கு இன்றும் பெரிய வியப்பு.

நேரில் அறிய விரும்பும் பெண்கள், ஆடிச் செவ்வாயில் ஆரல்வாய்மொழிப் பக்கம் உள்ள ஔவையாரம்மன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பகலிலேயே கூழும் கொழுக்கட்டையும் படைக்கிறார்கள்.