ஆய்வாளர் தன் நம்பிக்கையைச் சொல்ல வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சமயவியலில் முனைவர் பட்ட ஆய்வின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்த மதப்பிரிவைப் பற்றியதுதான் ஆய்வு. இன்று எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. ஆய்வேட்டின் முன்னுரையில் ‘என் சமய நிலைப்பாடு’ என்று ஒரு பத்தி எழுதச் சொல்கிறார் நெறியாளர். அதுதான் நேர்மை என்கிறார். ஆய்வுக் குழுவில் இருக்கும் இன்னொருவர், ஆய்வேட்டில் சொந்தக் கதை எதற்கு என்கிறார். யார் சொன்னால் என்ன, சொன்னது சரியா என்றுதானே பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் எதையோ மறைக்கிறோம் என்ற உறுத்தல் போகவில்லை. நிதி யார் கொடுத்தார்கள் என்று சொல்கிறோமே, நம்பிக்கையை மட்டும் ஏன் சொல்லக்கூடாது என்று நண்பர் ஒருவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பத்தியை எழுதாதீர்கள். எழுத மாட்டேன் என்று நெறியாளரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அதோடு கணக்கு தீர்ந்துவிடாது. நீங்கள் எழுதியே ஆக வேண்டிய வேறொன்று இருக்கிறது. அது அந்தப் பத்தியைவிடக் கடினமானது.

முதலில், பத்தி ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன். ‘நான் இன்ன மதத்தைச் சேர்ந்தவர்’ என்ற வரியால் வாசகருக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? ஆல்ஃப்ரெட் லுவாஸி பிரான்ஸைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார். நற்செய்திகளை வரலாற்று ஆவணங்களாக வைத்து ஆராய்ந்தார். 1908இல் திருச்சபை அவரை விலக்கிவைத்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அவரிடமும் அவரை எதிர்த்தவர்களிடமும் நிலைப்பாட்டை ஒரு வரியில் எழுதித் தரச் சொல்லியிருந்தால், இரு தரப்பும் ‘நான் கத்தோலிக்கன்’ என்றே எழுதியிருக்கும். அந்த வரியை மட்டும் படித்தவர் யார் எதைச் சொல்லப் போகிறார் என்று ஊகித்திருக்கவே முடியாது.

இவ்வளவு குறைவாகச் சொல்கிற அந்த வரிதான், படிக்காமலே தீர்ப்புச் சொல்ல நினைப்பவருக்குப் போதுமானதாகவும் ஆகிவிடுகிறது. ரேஸா அஸ்லான் 2013இல் இயேசுவின் வரலாறு பற்றி ஒரு நூல் எழுதினார். தன் சமயப் பயணத்தை நூலின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில், ஒரு முஸ்லிம் எதற்காகக் கிறிஸ்தவத்தை நிறுவியவரைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டார்கள். அவர் பதில் சொன்ன பிறகும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்த நூலின் வாதங்களில் பிழை காண இடம் உண்டு, அறிஞர்கள் கண்டும் இருக்கிறார்கள். பேட்டியில் வாதத்தின் பக்கமே யாரும் போகவில்லை. அவர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னதே அவரை மடக்கும் ஆயுதமாயிற்று.

கட்டாயமாகக் கேட்பதற்கு இதைவிட மோசமான வரலாறு இருக்கிறது. 1871இல் சட்டம் மாறும் வரை ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பல பதவிகளுக்கும் பட்டங்களுக்கும் மதப் பரிசோதனை இருந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்காதவர்களுக்குக் கதவு மூடியே இருந்தது. அதை ஒழிக்க ஒரு தலைமுறையே போராடியது. நேர்மை என்ற பெயரில் அதே கேள்வியைக் கொல்லைப்புறமாக உள்ளே கொண்டுவருவது எனக்குச் சம்மதமில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று உங்கள் நெறியாளர் நினைக்கலாம். கெய்ரோவில் நஸ்ர் ஹாமித் அபூ ஸைதுக்கு நேர்ந்தது 1995இல். குர்ஆனை மொழியியல் நோக்கில் ஆராய்ந்த பேராசிரியர் அவர். அவருடைய எழுத்துகளை வைத்து, அவர் மதத்தை விட்டுவிட்டார் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. மதத்தை விட்டவருடன் முஸ்லிம் பெண் வாழ முடியாது என்று சொல்லித் திருமணத்தையே ரத்து செய்தது. அவர் தன்னை முஸ்லிம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. மனைவியும் அவரும் நாட்டை விட்டு வெளியேறி நெதர்லாந்தில் லெய்டனில் தங்க வேண்டி வந்தது. ஆய்வாளரின் நம்பிக்கை பொதுச் சொத்து என்று ஒப்புக்கொண்டால், அதை அளந்து பார்க்கும் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்பதையும் யோசிக்க வேண்டும். உங்கள் வீட்டுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

உங்கள் நண்பரின் கேள்வி நல்ல கேள்வி. நிதி என்பது தேதியும் தொகையும் உள்ள செய்தி. வேறொருவர் சரிபார்க்க முடியும். நம்பிக்கையை அப்படிச் சரிபார்க்க முடியாது. அது ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. களத்துக்குப் போனபோது இருந்த நம்பிக்கையா, எழுதும்போது இருப்பதா, எதைச் சொல்வது? ஆனால் நிதியைப் போலவே சொல்லித்தான் ஆக வேண்டியவை சில உண்டு. ஒரு சமய நிறுவனத்தில் வேலை பார்க்கிறீர்கள், அதன் கொள்கை அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், வேறு முடிவுக்கு வந்தால் வேலை போகும் என்றால், அது வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும். வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித், கலைக்களஞ்சியத்தில் விவிலியத்தைப் பற்றி எழுதிய கட்டுரைகளுக்காக 1881இல் அபர்டீனில் இருந்த திருச்சபைக் கல்லூரியில் தன் பேராசிரியர் பதவியை இழந்தார். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு எழுதுபவர் எந்த எல்லைக்குள் எழுதுகிறார் என்பது தகவல். அவர் உள்ளுக்குள் என்ன நம்புகிறார் என்பது அந்தத் தகவலில் சேராது.

இனி, நீங்கள் எழுத வேண்டியது என்ன என்று பார்ப்போம்.

மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட் தெற்கு சூடானில் அஸாண்டே மக்களிடையே களப்பணி செய்து 1937இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் தன் மதம் என்ன என்று அறிக்கை விடவில்லை. ஆனால் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். ஒரு நாள் நள்ளிரவு வரை குடிசையில் உட்கார்ந்து குறிப்புகள் எழுதுகிறார். படுக்கப் போகும் முன் வழக்கம்போல ஓர் ஈட்டியை எடுத்துக்கொண்டு நடக்கக் கிளம்புகிறார். குடிசைக்குப் பின்னால் வாழைமரங்களுக்கு நடுவே போகும்போது, வேலைக்காரர்களின் குடிசைகளுக்குப் பின்புறம் ஒரு பிரகாசமான வெளிச்சம் நகர்ந்து, துபோய் என்பவரின் வீட்டுப் பக்கம் போகிறது. பின்தொடர்கிறார். ஒரு புல்தட்டி மறைக்கிறது. குடிசைக்குள் புகுந்து மறுபக்கமாக ஓடிப் பார்த்தால் வெளிச்சத்தைக் காணவில்லை. அவ்வளவு வெளிச்சம் தரும் விளக்கு ஒருவரிடம்தான் இருந்தது. காலையில் கேட்டால், நான் வெளியே வரவுமில்லை, விளக்கை ஏற்றவுமில்லை என்கிறார் அவர். அன்று காலையிலேயே துபோயின் வீட்டில் இருந்த வயதான உறவினர் ஒருவர் இறந்துபோகிறார். சூனியம் இரவில் வெளிச்சமாகப் போய் ஆளைக் கொல்லும் என்பது அஸாண்டே நம்பிக்கை. எவன்ஸ்-பிரிட்சர்ட் அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று தனக்குத் தெரியவே இல்லை என்கிறார். யாரோ புல்லைக் கொளுத்திக்கொண்டு வெளிக்குப் போயிருக்கலாம் என்று ஓர் ஊகமும் சொல்கிறார். அஸாண்டே மக்கள் நினைக்கிற மாதிரியான சூனியக்காரர்கள் இருக்க முடியாது என்றும் அதே நூலில் தெளிவாக எழுதியிருக்கிறார்.

எதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். என்ன பார்த்தார், எங்கே நின்று பார்த்தார், எது மறைத்தது, என்ன முயன்றார், எது விளங்கவில்லை, தன் முடிவு என்ன என்று எல்லாமே வரிசையாக இருக்கிறது. அவர் சொன்னதை ஏற்காதவர்கூட அவருடன் சேர்ந்து அந்த இரவைப் பரிசீலிக்க முடிகிறது. நிலைப்பாட்டுப் பத்தி எதுவும் இந்த வசதியைத் தராது.

அவர் 1944இல் கத்தோலிக்கர் ஆனார். 1956இல், தெற்கு சூடானில் வாழும் நூவர் மக்களின் சமயத்தைப் பற்றி எழுதினார். அவர் காட்டும் நூவர் கடவுளிடம் கிறிஸ்தவச் சாயல் தெரிகிறது என்று பின்னால் வந்தவர்கள் விமர்சித்தார்கள். அவருடைய மதமாற்றத்தைத் தெரிந்துவைத்திருப்பது அந்தச் சந்தேகத்தை எழுப்ப உதவும், மறுக்கவில்லை. ஆனால் சந்தேகத்தை நிரூபிக்க அவர் தந்த பிரார்த்தனைகளையும் பலிச் சடங்குகளையும் வரிவரியாகப் பார்த்தாக வேண்டும். பார்க்க முடிவதற்குக் காரணம், சான்றுகளை அவர் தாராளமாக நூலில் வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வி எப்போதும் நம்பிக்கையுள்ளவரிடம்தான் கேட்கப்படுகிறது. நம்பாதவர் ஏதோ எங்கும் நிற்காமல் பார்ப்பவர் போல விட்டுவிடுகிறார்கள். பழங்குடிச் சமயங்களை ஆராய்ந்த முந்தைய அறிஞர்கள் பலர் கிறிஸ்தவத்துக்கு எதிரான ஆயுதத்தையே அவற்றில் தேடினார்கள் என்று 1965இல் அதே எவன்ஸ்-பிரிட்சர்ட் எழுதினார். அவநம்பிக்கைக்கும் அவசரம் உண்டு. நம்பிக்கையை விட்டு வந்தவரின் அவசரம் தனி ரகம். சிலர் கோபத்தில் எழுதுவார்கள். சிலர் குற்ற உணர்வில், விட்டுவந்த வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல எழுதுவார்கள். உங்கள் ஆய்வேட்டில் ஒரு சடங்கை முழுதாக விவரிக்கும் முன்பே விளக்கம் சொல்லத் தொடங்கிய இடங்களைத் தேடிப் பாருங்கள். உங்கள் அவசரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இப்போது கடினமான பகுதி. நீங்கள் அந்தப் பிரிவில் பிறந்தவர் என்பதால்தான் உங்களுக்குக் கதவுகள் திறந்திருக்கின்றன. ‘நம்ம பிள்ளை’ என்று நம்பிப் பேசியிருப்பார்கள். வெளியாளிடம் சொல்லாததைச் சொல்லியிருப்பார்கள். அந்த எண்ணத்தை நீங்கள் மாற்றவில்லை. இதை வாசகருக்குச் சொல்லியாக வேண்டும். ஆய்வாளர் கேரன் மெக்கார்த்தி பிரவுன் நியூயார்க்கில் வாழ்ந்த ஹைத்திய வூடூ பெண் பூசாரி ஒருவரைப் பற்றி 1991இல் எழுதிய நூலில், தானும் அந்த மரபில் தீட்சை பெற்றதை வெளிப்படையாக எழுதினார். அவருக்குக் கிடைத்த செய்திகள் எப்படிக் கிடைத்தன என்று புரிய அது தேவைப்பட்டது. உங்கள் நிலை அதற்கு எதிர்த்திசை. தேவை மட்டும் ஒன்றுதான்.

அதற்கு உங்கள் அந்தரங்கத்தைத் திறந்துவைக்க வேண்டியதில்லை. ‘நான் இந்தப் பிரிவில் பிறந்தவர். அவர்கள் அதை அறிந்தே என்னிடம் பேசினார்கள். என் இன்றைய நம்பிக்கையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை’ என்று எழுதுங்கள். இது உண்மையாக இருந்தால் போதும். யாராவது நேருக்கு நேர் கேட்டு, நீங்கள் நம்புவதாகச் சொல்லியிருந்தால் நிலைமை வேறு. வாசகரிடம் மௌனமாக இருக்கலாம். பதில் சொல்ல விருப்பமில்லை என்று களத்தில் உள்ளவரிடமும் சொல்லலாம். ஆனால் நம்பி வந்து பேசுபவரிடம் பொய் சொல்லி வாங்கிய வாக்குமூலத்தை அச்சில் ஏற்றக் கூடாது. சக விசுவாசி என்று எண்ணி உங்களிடம் அழுதவர்கள், தங்கள் சந்தேகங்களைச் சொன்னவர்கள் யாராவது இருந்தால், திரும்பிப் போய் இதை எழுதலாமா என்று கேளுங்கள். கேட்க முடியாவிட்டால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். ஓர் அத்தியாயம் மெலிந்துபோனாலும் பரவாயில்லை.

அத்தியாயங்களை அந்தப் பிரிவில் ஆழ்ந்த நம்பிக்கையுள்ள ஒருவரிடம் படிக்கக் கொடுப்பதும் நல்லது. ஒரு மதத்தைப் பற்றிச் சொல்வதை அதன் நம்பிக்கையாளர்கள் ஏற்றால்தான் அது செல்லும் என்று 1959இல் சமயவியல் அறிஞர் வில்ஃப்ரெட் கான்ட்வெல் ஸ்மித் வாதிட்டார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அவர்கள் கையில் தடுப்பதிகாரம் இருந்தால் எந்தச் சமயத்தின் அதிகார மோதல்களையும் எழுத முடியாது. ஆனால் நீங்கள் விவரித்திருப்பதைப் படித்து ‘ஆமாம், நாங்கள் செய்வது இதுதான்’ என்று அவர் சொல்ல வேண்டும். அதற்கு நீங்கள் தரும் விளக்கத்தோடு அவர் சண்டை போடட்டும், அது வேறு.

நெறியாளர் விடாப்பிடியாக இருந்தால், நிலைப்பாட்டுப் பத்தி இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் களக் குறிப்பை வையுங்கள். நேர்மை கேட்டவருக்கு இது மறுக்க முடியாத பதில். வாய்மொழித் தேர்வில் யாராவது, நீங்கள் நம்புகிறீர்களா இல்லையா என்று நேரடியாகக் கேட்டால், ஆய்வேட்டின் எந்தப் பக்கத்தை வைத்து அந்தக் கேள்வி எழுந்தது என்று திருப்பிக் கேளுங்கள். பக்கத்தைக் காட்டினால் உட்கார்ந்து பேசுங்கள். அவர் சொல்வது சரி என்றால் திருத்திக்கொள்ளுங்கள்.