சின்ன வயதில் ரசித்த டிவி காமெடித் தொடரை இப்போது மறுபடி பார்த்தால் ஏமாற்றமாக இருக்குமா?

பாருங்கள். தயங்கவே வேண்டாம். "நினைவில் நன்றாக இருப்பதை எதற்குக் கெடுத்துக்கொள்வது" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக நீங்களும் பள்ளிக்கூடம் விட்டு வந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்தவராக இருப்பீர்கள். இப்போது ஒரு எபிசோடைப் போட்டுவிட்டு, சிரிப்பு வராமல் பாதியில் நிறுத்தியிருப்பீர்கள். பிள்ளைகளின் சேட்டைக்காகப் பார்த்தால் நிறுத்தத்தான் தோன்றும். அதே தொடரில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற பெரியவர்கள் இருப்பார்கள் அல்லவா, அவர்களைக் கவனித்துப் பாருங்கள்.

எனக்கு அந்தத் தொடர் 'தி ஸ்வீட் லைஃப் ஆஃப் ஜாக் அண்ட் கோடி'. டிஸ்னி சேனலில் வந்தது. அமெரிக்காவில் 2005-இல் தொடங்கி 2008-இல் முடிந்தது. மூன்று சீசன், 87 எபிசோடுகள். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பாஸ்டன் நகரத்தில் டிப்டன் என்று ஒரு பெரிய ஹோட்டல். அங்கே மேடையில் பாடுகிற வேலைக்கு வருகிறார் கேரி. கணவரைப் பிரிந்தவர். அவருடைய ஒப்பந்தத்திலேயே குடும்பத்தோடு தங்க ஒரு சூட்டும், அதாவது ஹோட்டலிலேயே ஒரு பெரிய அறையும், அடக்கம். அவருடைய இரட்டைப் பையன்கள் ஜாக்கும் கோடியும் லாபியில் ஓடிப் பிடித்து எதையாவது உடைப்பார்கள், மேனேஜர் மோஸ்பி பதறுவார். மிட்டாய் கவுண்டரில் மேடி, முதலாளியின் செல்ல மகள் லண்டன், பெட்டி தூக்குகிற எஸ்டபன், ரிப்பேர் வேலை பார்க்கிற ஆர்வின் என்று ஒரு கூட்டம்.

'கனா காணும் காலங்கள்' இருக்கும்போது வெளிநாட்டுத் தொடரைப் பிடித்துத் தொங்குவானேன் என்று சிலர் கேட்பார்கள். விஜய் டிவியில் 2006-இல் அது தொடங்கியபோது அதையும்தான் பார்த்தோம், எனக்கு அதன்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் வளர்ந்தது ஒரு லாட்ஜில். ஹோட்டலுக்குள்ளேயே குடியிருக்கிற பிள்ளைகள் கதையை டிவியில் காட்டினால் வேறு எதைப் பார்ப்பேன்?

கொடைக்கானலில் ஏரிக்குச் சற்றுத் தள்ளி இருந்த லாட்ஜ் அது. பின்பக்கம், துணி துவைக்கிற இடத்தை ஒட்டி ஒற்றை அறை. அம்மா, நான், தம்பி. அப்பா எங்களோடு இல்லை. அம்மாவுக்கு ரூம் கூட்டித் துடைப்பது, பெட்ஷீட் மாற்றுவது, துவைப்பது எல்லாம் சேர்த்து ஒரே வேலை. மழை மாதங்களில் மேகம் இறங்கிவிட்டால் பெட்ஷீட் காயவே காயாது. எங்கள் அறையில் கட்டிலுக்கு மேலே கயிறு கட்டி, லாட்ஜ் பெட்ஷீட்டுகளைக் காயப்போட்டு அதற்கடியில்தான் தூங்குவோம்.

சீசனில், அதாவது ஏப்ரல், மே இரண்டு மாதமும், நாங்கள் முன்பக்கம் வரக்கூடாது. மேனேஜர் சார் நல்லவர்தான். "கெஸ்ட் வர்ற நேரம்டா, பின்னாடி போங்க" என்பார், அதற்குமேல் ஒரு வார்த்தை அதட்டியதில்லை. ஆஃப் சீசனில் லாபியில் ஈ காக்கை இருக்காது. அப்போது ரிமோட்டை எங்கள் கையில் கொடுத்துவிட்டுக் கணக்கு எழுதுவார். அப்படித்தான் ஜாக்கையும் கோடியையும் பார்த்தோம். பேசுவது பாதி புரியாது. பின்னணியில் சிரிப்புச் சத்தம் வருகிற இடம் பார்த்து நாங்களும் சிரிப்போம். சீசனில் எங்களால் காலெடுத்து வைக்க முடியாத லாபியில் அந்தப் பையன்கள் சறுக்கி விளையாடினார்கள். தம்பிக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தீராது.

பிறகு அம்மாவுக்கு இடுப்பில் அடிபட்டது. மெத்தையைப் புரட்டும்போது பிடித்துக்கொண்டது, குனிய முடியவில்லை. சீசன் வரப்போகிறது, ரூம் வேலைக்கு வேறு ஆள் வேண்டும், வருகிற ஆளுக்குத் தங்க இடமும் வேண்டும் என்று முதலாளி வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வேலையோடு சேர்ந்து வீடும் போனது. மேனேஜர் சார் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றிவிட்டார். நாயுடுபுரத்தில் வாடகைக்குப் போனோம். அங்கே டிவி கிடையாது, தொடரின் மிச்சமும் பார்க்கக் கிடைக்கவில்லை.

இப்போது நான் அதே ஊரில் ஒரு ஹோட்டலில் ஃப்ரன்ட் ஆபீஸ் பார்க்கிறேன். போன மழைக்காலத்தில் நைட் டியூட்டி, ஊரே அடங்கிக் கிடந்தது, போனில் அந்தத் தொடரைத் தேடி எடுத்தேன். முதல் சில எபிசோடுகளிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பையன்கள் எதையாவது உடைத்தால் கேரியின் முகத்தில் வருகிற கலவரம் சின்ன வயதில் என் கண்ணில் படவே இல்லை. மோஸ்பி ஒரு புகார் எழுதினால் போதும், வேலை போகும், வேலை போனால் அந்த சூட்டும் போகும். சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே அந்தப் பயம் எபிசோடுக்கு எபிசோடு ஓடிக்கொண்டே இருக்கிறது. கிம் ரோட்ஸ் என்ற நடிகை அதை ஒரு வசனமும் இல்லாமல், தோளை மட்டும் இறக்கிக் காட்டிவிடுகிறார்.

அடுத்தது மோஸ்பி. ஃபில் லூயிஸ் நடித்தது. எங்களுக்கு அப்போது அவர் வில்லன். இன்று பார்க்கிறேன், அந்தக் கட்டடத்திலேயே ஒழுங்காக வேலை பார்க்கிற ஆள் அவர்தான். முதலாளி டிப்டன் எப்போதாவதுதான் வருவார், வந்தாலும் பாதுகாவலர்கள் சூழ்ந்து நிற்பதால் முகமே தெரியாது. பெற்ற மகளுக்குக்கூட அவர் அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் பிடிவாதம், படிப்பு, கண்ணீர் எல்லாம் மேனேஜர் தலையில்தான் விடியும். எழுதப்படாத வேலைகள் எல்லாம் மேனேஜருக்கு வந்து சேரும் என்பது ஹோட்டல் லைனில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. எஸ்டபன் பேசுகிற விதத்தை வைத்தும், லண்டனின் அறிவை வைத்தும் அடிக்கிற ஜோக்குகள் இன்றைக்கு உறுத்துகின்றன. எடுத்ததும் பாஸ்டனில் இல்லை, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோவில். அதனால் லாபி எப்போதும் பளிச்சென்று இருக்கும், ஒரு ஈரச் செருப்புத் தடம்கூட இருக்காது. குழந்தைகள் தொடரில் இதையெல்லாமா தோண்டுவது என்று யாராவது சொன்னால், நான் தோண்டவில்லை, அது மேலேயே கிடக்கிறது என்பேன்.

எழுத வந்ததுதான் வந்தேன், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மலைக்கு வந்து ரூம் எடுக்கும்போது உங்கள் வண்டி டிரைவர் எங்கே படுப்பார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 2023-இல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தி, தங்கும் விடுதிகள் டிரைவர்களுக்குக் கழிப்பறையோடு ஓய்விடம் தர வேண்டும் என்று கொண்டுவந்தது. இருந்தும் பனிக்காலத்தில், 8 டிகிரிக்கு இறங்குகிற ராத்திரியில், கண்ணாடியை ஏற்றிவிட்டு சீட்டைச் சாய்த்துப் படுக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். 2024 மே மாதத்திலிருந்து மலையேற இ-பாஸ் வேண்டும். வண்டி நம்பர் உட்பட எல்லா விவரமும் அதில் கேட்கிறார்கள். ஓட்டி வருகிறவர் படுக்க இடம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி சேர்த்தால் என்ன? கெஸ்ட் கேட்டால் ஹோட்டல்காரர்கள் மறுக்க மாட்டார்கள், கேட்கிற கெஸ்ட்தான் அபூர்வம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து முதல் எபிசோடிலிருந்து மறுபடி போட்டேன். நான் கதையை விளக்கிக்கொண்டே வந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பாட்டுப் பாடுற பிள்ளைக்கு ரூம் வாடகையைச் சம்பளத்துல பிடிப்பாங்களா?"

இல்லைம்மா, ஒப்பந்தத்திலேயே சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன்.

"எழுதி வாங்கியிருக்கா. கெட்டிக்காரி."

தம்பி திருப்பூரில் இருக்கிறான். போனில் இதையெல்லாம் சொன்னால் "அக்கா, அது காமெடிக்கா, விடு" என்கிறான். அவனுக்கு இன்றைக்கும் பையன்கள் லாபியில் சறுக்குவதுதான் பிடிக்கிறது. அதுவும் சரிதான். ஆக உங்கள் கேள்விக்கு என் பதில்: தனியாகப் பார்க்காதீர்கள். அந்த வயதில் உங்களை வளர்த்தவர் யாரோ, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். முதல் சில எபிசோடுகள் இழுத்தாலும் நிறுத்த வேண்டாம். நாங்கள் மூன்றாவது சீசனில் இருக்கிறோம். எனக்கு நைட் டியூட்டி இல்லாத நாளாகப் பார்த்து, சாப்பிட்டு முடித்ததும் அம்மாவே "போடு" என்கிறார்.