ராத்திரி பசிக்கும்போது வீட்டில் என்ன இருக்கிறது?

தம்பி, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் படிக்க வந்து மூன்று மாதம் ஆகிறது, சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 340 யூரோ போகிறது, எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தால் நிஜமாகவே மிச்சமாகுமா, படிப்புக்கு நடுவில் அதற்கெல்லாம் நேரம் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். மிச்சமாகும். ஆனால் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை, நாலைந்து விஷயம் போதும்.

விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைத்த பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது, அதில் வாடகையும் இன்ஷூரன்ஸும் போனால் கையில் எவ்வளவு நிற்கும் என்று எனக்கும் தெரியும். நான் 2011ல் வந்தபோது முதல் குளிர்காலம் முழுக்க இதே கணக்குதான் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் புரிந்தது என்னவென்றால், காசு போவது மளிகைக் கடையில் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு லேபிலிருந்து களைத்துப்போய் வருவோம், அரிசி ஊறப்போடவில்லை, ஃபிரிட்ஜில் ஒன்றுமில்லை, வழியிலேயே டோனர் என்கிற துருக்கி இறைச்சி ரொட்டி விற்கிற கடை. ஒன்று 7 யூரோ, வாரத்தில் நாலு நாள் என்றால் மாதத்துக்கு 112 யூரோ. அதனால் நீங்கள் யோசிக்க வேண்டியது அந்த எட்டு மணிக்கு வீட்டில் என்ன தயாராக இருக்கிறது என்பதைத்தான். மதியம் மென்சாவிலேயே, அதாவது பல்கலைக்கழக கேன்டீனிலேயே சாப்பிடுங்கள், மாணவர் விலைக்கு அது நல்ல சாப்பாடு, டப்பா கட்டி மிச்சம் பிடிக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

முதலில் மாவு. இட்லி அரிசிக்காக அலைய வேண்டாம், எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் மில்ஷ்ரைஸ் என்று குண்டு அரிசி அரைக் கிலோ பாக்கெட்டில் கிடைக்கும், இவர்கள் பாலில் வேகவைத்துச் சாப்பிடுவது, நமக்கு இட்லிக்கு நன்றாகவே வருகிறது. உளுந்துக்கு மட்டும் இந்தியக் கடைக்கோ ஈழத்தமிழர் கடைக்கோ போக வேண்டும். நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுவந்திருந்தால் அப்படியே ஓடும், இங்கேயும் அதே 230 வோல்ட்தான், ஆனால் மெல்லிசான டிராவல் அடாப்டரில் செருகாதீர்கள், சூடேறும், எர்த் உள்ள கனமான அடாப்டராக வாங்குங்கள். மிக்ஸியில் உளுந்து சூடாகிவிட்டால் மாவு பொங்காது, அதனால் ஊறவைத்த பாத்திரத்தை ஃபிரிட்ஜிலேயே வைத்துவிட்டு, ஐஸ் தண்ணீர் விட்டு, நிறுத்தி நிறுத்தி அரையுங்கள்.

புளிக்கவைப்பதுதான் இங்கே எல்லோரும் தோற்கிற இடம். நவம்பர் வந்துவிட்டால் 19 டிகிரி அறையில் மாவு இரண்டு நாள் ஆனாலும் கல்லுப்போலக் கிடக்கும். கையால் நன்றாகக் கலந்து, பாதிப் பாத்திரம் மட்டும் நிரப்பி, ஓவனை ஆன் செய்யாமல் உள்விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள், அடியில் ஒரு தட்டும் வேண்டும். அந்த ஒரு பல்பின் சூடே போதும், ராத்திரி வைத்தால் காலையில் மூடியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஆனால் ஓவன் கதவில் கட்டாயம் ஒரு சீட்டு ஒட்டுங்கள். என் பழைய வீட்டில் கூட இருந்தவர் உள்ளே பார்க்காமல் பீட்சாவுக்கு 220 டிகிரி வைத்துவிட்டார், பிளாஸ்டிக் டப்பா உருகி ஒரு வார மாவும் அடித்தட்டில் ஒழுகிக் கிடந்தது, அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குப் பிறகு எவர்சில்வர் பாத்திரம்தான், சீட்டும் ஜெர்மனில்தான். ஒரு தடவை அரைத்தால் நாலைந்து ராத்திரிக்கு வரும், தோசை ஊற்ற பத்து நிமிஷம், தொட்டுக்கொள்ள ஊர்ப் பொடி.

அப்புறம் நெய். ஊரிலிருந்து கொண்டுவர முடியாது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பெட்டியில் எடுத்துவரத் தடை. இங்கே பாட்டில் நெய் விலை அதிகம், ஆனால் 250 கிராம் வெண்ணெய் வாராவாரம் ஏதாவது ஒரு கடையில் சலுகையில் வரும். அதில் 82 சதவீதம் கொழுப்பு, இரண்டு பாக்கெட் உருக்கினால் கிட்டத்தட்ட 400 கிராம் நெய். உப்பில்லாதது பார்த்து எடுங்கள், ஸௌவர்ராம் என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது, அது புளித்த கிரீமில் கடைந்தது, நம் வீட்டு வெண்ணெய் வாசம் வரும். சின்னத் தீயில் வைத்துவிட்டு சத்தத்தைக் கேளுங்கள். தண்ணீர் இருக்கும்வரை சடசடவென்று பேசிக்கொண்டே இருக்கும், அது அடங்கி, நுரை மெலிந்து, அடியில் கசடு பொன்னிறமாகிற நிமிஷம் இறக்கிவிட வேண்டும், இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் கருகல் வாசம் வந்துவிடும். சூடான சோற்றில் இந்த நெய்யும் பருப்புப் பொடியும் இருந்தால் டோனர் கடைப் பக்கம் கால் போகாது.

கொண்டைக்கடலையை டின்னில் வாங்காதீர்கள். துருக்கிக் கடையில் காய்ந்ததை வாங்கி, ராத்திரி ஊறவைத்து, ஞாயிற்றுக்கிழமை குக்கரில் போட்டுவிட்டால் அரைக் கிலோவுக்கு ஒரு கிலோவுக்கு மேல் வெந்த கடலை வரும், தண்ணீர் வடித்த டின் கணக்கில் நாலைந்து டின்னுக்குச் சமம். பிரித்துப் பையில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிடுங்கள்.

தயிர் தோய்ப்பதில் பெரிய மிச்சமில்லை, கடைத் தயிரே மலிவு. ஆனால் மோருக்கும் தயிர்சாதத்துக்கும் நம் புளிப்பு வேண்டுமென்றால் ஹா மில்ஷ் என்கிற நாள்பட வைத்துக்கொள்ளும் பாக்கெட் பாலை வெதுவெதுப்பாக்கி உறை ஊற்றினால் போதும், அது ஏற்கனவே நன்றாகச் சூடு காட்டிய பால், மறுபடி காய்ச்ச வேண்டாம். பிரட், பரோட்டா, தேங்காய்த் துருவல் இதையெல்லாம் வாங்கிவிடுங்கள், உங்கள் தூக்கத்துக்கும் விலை உண்டு. தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள், புகை அலாரம் அடித்தால் மாடி முழுக்கக் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, அதனால் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் மில்ஷ்ரைஸும் உளுந்தும் வாங்கி ராத்திரியே ஊறப்போட்டுவிடுங்கள். ஞாயிறு காலையில் அரைத்து ஓவனில் வைத்தால் திங்கட்கிழமை ராத்திரி லேபிலிருந்து வரும்போது தோசை ஊற்றலாம். மாவு பொங்காவிட்டால் எழுதுங்கள், எங்கே தவறியது என்று பார்க்கலாம்.