கேள்வி - பதில்: சோகப் பாட்டுக்குத் துள்ளல் மெட்டா?

கேள்வி: ‘ஸ்டாபாட் மாட்டர்’ என்ற பெயரில் பெர்கொலேசி, ரோசினி, துவோர்ஷாக் என்று இசையமைப்பாளர்கள் ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்களே, எல்லாம் ஒரே பாட்டா?

வரிகள் ஒன்றுதான், இசை அவரவருடையது. 13ஆம் நூற்றாண்டு லத்தீன் பாடல். சிலுவையடியில் நிற்கும் மரியாவைப் பற்றியது. மூன்றடிச் செய்யுள்கள் 20. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அடிக்கும் இயைபு இருக்கும், மூன்றாவது அடி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்து அடுத்த செய்யுளின் மூன்றாவது அடியோடு போய்ச் சேரும். தாளக்கட்டு அவ்வளவு கச்சிதம் என்பதால் வாசிக்கும்போதே பாதி பாடிவிட்ட மாதிரி இருக்கும். முதல் எட்டுச் செய்யுளில் கவிஞர் தள்ளி நின்று பார்க்கிறார், ‘இதைப் பார்த்து யார்தான் அழமாட்டார்கள்’ என்று கேட்கிறார். ஒன்பதாவதில் நேராக அந்தத் தாயிடமே பேச ஆரம்பித்துவிடுகிறார்: உன் வேதனையை எனக்கும் கொடு, உன்னோடு அழ விடு என்று. இசையமைப்பாளர்களை இழுத்தது இந்தத் திருப்பம்தான் என்பது என் எண்ணம்.

கேள்வி: எழுதியவர் யார்?

யாகோபோனே தா தோதி என்ற பிரான்சிஸ்கன் துறவி என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். உறுதியான சான்று கிடையாது. திருத்தந்தை எட்டாம் போனிஃபேஸை எதிர்த்துச் சிறைக்குப் போன மனிதர் அவர், அந்த ஒன்றுக்காகவே அவராக இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.

கேள்வி: திருச்சபையே ஒரு காலத்தில் இதைத் தடை செய்ததாமே?

தடை என்பது பெரிய வார்த்தை. திருப்பலியில் (கத்தோலிக்கர்களின் பூசை வழிபாட்டில்) நற்செய்தி வாசிப்புக்கு முன் பாடும் ‘சீக்வென்ஸ்’ என்ற வகைப் பாடல்கள் அளவில்லாமல் பெருகிப் போனதால் 1570ஆம் ஆண்டுத் திருப்பலி நூலில் நான்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டார்கள், அந்த நான்கில் இது இல்லை. திருப்பலிக்கு வெளியே பாடுவது நிற்கவில்லை. 1590 வாக்கில் ரோமில் பலஸ்த்ரீனா இரண்டு பாடகர் குழுக்கள், எட்டுக் குரல்கள் என்று இசையமைத்ததே இந்த இடைவெளியில்தான். 1727இல் திருத்தந்தை 13ஆம் பெனடிக்ட் வியாகுல மாதா திருநாளுக்காக இதைத் திரும்பச் சேர்த்தார்.

கேள்வி: சிலுவையடியில் நிற்கும் தாயைப் பற்றிய பாட்டு. பெர்கொலேசியில் சில இடங்கள் துள்ளுகின்றன, ரோசினியில் ஒருவர் அணிவகுப்பு மாதிரி பாடுகிறார். இது பக்தி இசையா, நாடக இசையா?

இந்தச் சண்டை 250 வருஷமாக நடக்கிறது. பெர்கொலேசியின் ஸ்டாபாட் மாட்டர் அவருடைய நகைச்சுவை ஓபரா (இசை நாடகம்) மாதிரியே இருக்கிறது என்று இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்துத் துறவியும் இசை அறிஞருமான பாத்ரே மார்த்தினி 1774லேயே எழுதிவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதன் தொடக்கத்தை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். கீழே பாஸ், அதாவது அடித்தள ஸ்வரங்கள், ஒரே சீராக நடந்துகொண்டிருக்கும். மேலே ஒரு குரல் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்க, இன்னொரு குரல் அதற்கு ஒட்டினாற்போல் பக்கத்து ஸ்வரத்தில் வந்து உரசும், பிறகு ஒன்று இறங்கி வழிவிடும், உடனே மறுபடி உரசல். இரண்டே குரல்கள், கொஞ்சம் தந்தி வாத்தியங்கள், அவ்வளவுதான். காசநோயால் 1736இல் 26 வயதில் போன மனிதர் அதே வருஷம் முடித்தது இது. அடுத்து, தாயின் நெஞ்சில் வாள் பாய்ந்தது என்ற வரிக்கு சொப்ரானோ என்ற உயர்ந்த குரலில் நடுங்கும் கமகம் போலச் சில இழைப்புகள் வரும். அதை அலங்காரம் என்று கேட்பவருக்கு அலங்காரம், எனக்கு அது வாள்தான்.

ரோசினிக்கு வக்காலத்து வாங்குவது கொஞ்சம் சிரமம். அதே வாள் வரியை டெனருக்கு (ஆண்களின் உயர்ந்த குரல்) கொடுத்து, உச்சஸ்தாயி வரை ஏற்றிக் கைதட்டல் வாங்க வைத்திருக்கிறார். சரி, அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். முடிவுக்குச் சற்று முன் வாத்தியங்களையெல்லாம் வாயடைத்துவிட்டு, உடல் மடியும்போது ஆன்மாவுக்குச் சொர்க்கம் கிடைக்கட்டும் என்ற செய்யுளைக் குரல்களை மட்டும் வைத்துப் பாட வைப்பார். 1842இல் பாரிஸில் அரங்கேறிய முழு வடிவத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

கேள்வி: குழந்தைகள் இறந்ததால்தான் துவோர்ஷாக் இதை எழுதினார் என்பது கட்டுக்கதையா?

பெரும்பாலும் உண்மை. 1875இல் பிறந்த சில நாளிலேயே மகள் யோசெஃபா இறந்தாள். 1876இல் பியானோவை வைத்து ஒரு வடிவம் எழுதி ஓரமாக வைத்துவிட்டார். 1877இல் ஆகஸ்டில் ஒரு மகள், செப்டம்பரில் மகன், இருவரும் போனார்கள். அதன்பிறகு அந்தக் காகிதங்களை மறுபடி எடுத்து நவம்பருக்குள் முழு இசைக்குழுவுக்கு எழுதி முடித்தார். 1880இல் பிராகாவில் அரங்கேற்றம்.

கேள்வி: முதலில் எதைக் கேட்கலாம்?

பெர்கொலேசி, நாற்பது நிமிஷம் போதும். துவோர்ஷாக்குக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும், வேலை பார்த்துக்கொண்டே கேட்டால் ஒன்றும் ஒட்டாது. 20ஆம் நூற்றாண்டில் ஏதாவது வேண்டுமென்றால் 1985இல் எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பெர்ட் மூன்று குரல், மூன்று தந்தி வாத்தியத்துக்கு எழுதியது. ரோசினியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், முதலிலேயே கேட்டுவிட்டு எனக்குக் கோபக் கடிதம் எழுதாதீர்கள்.