வெயில் காலத்துக் குளக்கரை: சில கேள்விகள்

விடியும் முன்பே வேப்பமரத்தில் குயில் கூவுகிறது. எட்டிப் பார்த்தால் புள்ளி போட்ட பழுப்புப் பறவைதான் இருக்கிறது. குயில் எங்கே ஒளிந்துகொள்கிறது?

ஒளியவில்லை, நீங்கள் பார்த்ததும் குயில்தான். அது பெண். கூவுவது ஆண், கன்னங்கரேலென்று, கண் மட்டும் ரத்தச் சிவப்பாக இருக்கும். பெண்ணுக்கு 'கிக் கிக்' என்ற கத்தல்தான். காக்கைக் கூடு பக்கத்தில் இருந்தால் கவனியுங்கள். கொஞ்ச நாளில் குயில் குஞ்சு ஒன்று, வாயைப் பிளந்தபடி காகத்தின் பின்னால் திரியும்.

வற்றிய கண்மாய்க்குள் நடக்கப் போனால் ஒரு பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டே துரத்துகிறது. கல்லை விட்டு எறியலாமா?

ஐயோ, வேண்டாம்! அது ஆட்காட்டி. கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தசை, மஞ்சள் கால். கூடு என்று எதுவும் கட்டாது. பொட்டல் தரையில் லேசான குழி, சுற்றிலும் நாலு கூழாங்கல், நடுவே மண்நிறத்தில் மூன்று நான்கு முட்டை. காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது. நீங்கள் நெருங்க நெருங்கக் கத்தல் கூடும், விலகினால் அடங்கும். அதை வைத்தே வழியை மாற்றிக்கொள்ளலாம்.

போன மே மாதம் இதைத் தூரத்திலிருந்து அரைமணி நேரம் பார்த்தேன். உச்சி வெயில். மிச்சமிருந்த குட்டைக்குப் போய் வயிற்றை முக்கியது. சொட்டச் சொட்ட ஓடிவந்து முட்டைமேல் உட்கார்ந்தது. அந்தச் சூட்டில் முட்டை வெந்துவிடாமல் இருக்க ஈர இறகு! அந்த நேரத்தில் நாம் போய் நின்று அதை எழுப்பிவிட்டால் முட்டை வெயிலில் கிடக்கும். சரி, படம் வேண்டுமென்றால் தள்ளி நின்றே எடுங்கள்.

மதிய வெயிலில் தட்டான் வாலை நட்டுக்குத்தாகத் தூக்கிக்கொண்டு உட்காருகிறதே?

குளிர்ச்சிக்குத்தான். வால் நுனி சூரியனைப் பார்த்து இருந்தால் உடம்பில் படும் வெயில் குறைவு.

பூங்காக் குளத்தில் பாம்பு நீந்துகிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பயமாக இருக்கிறது.

குளத்தில் தவளையும் மீனும் தேடித் திரிவது பெரும்பாலும் தண்ணீர்ப்பாம்புதான். அதற்கு விஷம் இல்லை, ஆனால் பிடித்தால் பட்டென்று கடிக்கும். தூர நின்று பார்க்க ஒரு பயமும் இல்லை. என்ன பாம்பென்று தெரியாமல் கடிபட்டால் மட்டும் ஆராய்ச்சி பண்ணாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மகனுக்கு வாங்கிய ஆமை பெரிதாகிவிட்டது. காதோரம் சிவப்புக் கோடு. ஊர்க்குளத்தில் விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. அது வட அமெரிக்க ஆமை. குளத்தில் விட்டால் நம்மூர் ஆமையின் இரைக்கும், வெயில் காயும் கல்லுக்கும் போட்டியாக வந்துவிடும். தொட்டியைப் பெரிதாக்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.