எலுமிச்சை காய்க்கும் வீட்டில் பீச் மரம் ஏன் பூப்பதில்லை?

இதற்குப் பெரும்பாலும் காரணம் ‘குளிர்மணி’ போதாமைதான். குளிர்காலத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 0 முதல் 7 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும் மணிநேரங்களின் கூட்டுத்தொகையையே அப்படிச் சொல்கிறோம்.

பீச் இலையுதிர் மரம். முந்தைய கோடையிலேயே உருவாகிவிடும் அதன் பூ மொட்டுகள், குளிர்காலத்தின் நடுவே வரும் ஓரிரு இதமான நாள்களை நம்பி விரிந்து உறைபனியில் கருகிவிடாதபடி, போதிய குளிரைக் கடக்கும்வரை உறங்குகின்றன. இதை உண்டியல் சேமிப்பாக நினைத்துக்கொள்ளலாம்: ஒவ்வொரு குளிர்ந்த மணிநேரமும் ஒரு காசு, இடையில் வெயில் ஏறினால் சேர்ந்ததில் கொஞ்சம் கழிந்தும் போகும். உண்டியல் நிறையாத மரத்தை வசந்தத்தில் பார்த்தாலே தெரியும்; கிளை நுனியில் மட்டும் நாலைந்து இலைகள், கீழே வெறுங்குச்சி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்து உதிரும் மொட்டுகள்.

எலுமிச்சையும் ஆரஞ்சும் பசுமைமாறா மரங்கள் என்பதால் அவற்றுக்கு இந்தக் கணக்கு இல்லை. கடும் உறைபனிதான் அவற்றுக்குப் பகை. பல பீச் வகைகள் 600 முதல் 900 மணிநேரம் கேட்கும். 300-க்கும் குறைவாகக் கேட்பவையும் உண்டு, வெப்பமான ஊருக்கு அவையே பொருத்தம்.

வேரில் பனிக்கட்டி கொட்டினால் மரம் ஏமாந்து பூக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் குளிரை உணர்வது மொட்டு, வேர் அல்ல.