பேஸ்மென்ட் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டா வீடு காட்டுவது?

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்தேன். கனடா வந்து சில வருடம், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு செமி (பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் ஒட்டிய வீடு) வாங்கியிருக்கிறீர்கள், இப்போது அவருக்குக் கல்கரியில் வேலை, வசந்தத்தில் வீட்டை விற்க வேண்டும். ஸ்டேஜிங், அதாவது விற்பதற்காக வீட்டை அலங்கரிப்பது, செய்ய வேணுமா, சுவருக்கு என்ன நிறம், எந்த மாதம் நல்லது, ஏஜென்டுக்கு எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "பேஸ்மென்டில் இரண்டு ஸ்டூடன்ட்ஸ் இருக்கினம், ஆட்கள் வீடு பார்க்க வரேக்க அவையளை வெளியில போகச் சொல்லலாம்தானே?"

நான் அந்தக் கடைசி வரிக்குத்தான் பதில் எழுதப் போகிறேன். மற்றதைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

சொல்ல ஏலாது. கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஒன்ராறியோவில் வாடகைக்கு இருப்பவரின் இடத்தை வாங்க வருபவருக்குக் காட்டுவதென்றால், 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். காட்டுவதும் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில்தான். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் இருக்கலாம், சமைக்கலாம், படுத்துத் தூங்கலாம். அது உங்கள் வீடுதான், ஆனால் அது அவர்களின் இருப்பிடம். பேஸ்மென்ட் அனுமதி இல்லாமல் கட்டியதாக இருந்தாலும் அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. அனுமதியில்லாத பேஸ்மென்ட் என்றால் கேள்வி கேட்பாரில்லை என்று எங்கள் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள், அது பிழை. குடியிருப்பவர்கள் உங்களோடு ஒரே குசினியையோ குளியலறையையோ பகிர்ந்து இருந்தால் மட்டும் அந்த வாடகைச் சட்டம் பொருந்தாது. உங்களுடையது பக்கத்துக் கதவு, தனி அடுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பொருந்தும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். நான் அந்த இரண்டு பிள்ளைகளின் இடத்தில் இருந்தவன்.

எண்பதுகளின் கடைசியில் வந்தேன். முதலில் வெல்லெஸ்லி வீதிப் பக்கம் ஒரு அப்பார்ட்மென்டில் ஆட்களோடு ஆட்களாக. பிறகு ஸ்காபரோவில், எக்ளின்டனுக்குக் கிட்ட, ஒரு பேஸ்மென்ட். வீட்டுக்காரர் எங்கள் ஆள்தான், ஊரில் அடுத்த கிராமம். வாடகை காசாக, ரசீது கிடையாது. 1989இல் இங்கே வீட்டு விலை உச்சிக்குப் போயிருந்தது. அடுத்த வருடம் மோர்கேஜ் (வீட்டுக்கடன்) வட்டி 13 வீதத்தைத் தாண்டி, விலையும் சரியத் தொடங்க, அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. வீட்டை விற்கப் போட்டார்.

ஆட்கள் பார்க்க வரும் பின்னேரங்களில் மெத்தைகளை ஃபர்னஸ் அறைக்குள் நிமிர்த்தி வைப்போம். அடுப்பைக் கழற்றிக் கராஜுக்குக் கொண்டு போவார்கள். ரைஸ் குக்கரைத் துணியில் சுற்றி உடுப்புப் பெட்டிக்குள். ஏஜென்ட் அதை விளையாட்டு அறை என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் எக்ளின்டன் பஸ்ஸில் ஏறி அந்தக் கரைக்குப் போய், இந்தக் கரைக்குத் திரும்பி வருவோம். போக ஒரு இடமும் இல்லை. பஸ்ஸுக்குள் சூடு இருக்கும், அதற்குத்தான். எங்களோடு பேக்கரியில் இரவு வேலை செய்த ஒருவன் இருந்தான். ஒருநாள் அவன் எழும்ப மறுத்துவிட்டான். அன்றைக்கு ஒரு இத்தாலிய அம்மா மகளோடு பார்க்க வந்தவ. கதவைத் திறந்தால் விளையாட்டு அறையில் ஒருவன் போர்வையை மூடிக்கொண்டு படுத்திருக்கிறான். அந்த அம்மா ஏஜென்டைப் பார்த்து விரலை வாயில் வைத்து "உஷ்" என்றுவிட்டு மெல்லக் கதவைச் சாத்தினாவாம். இவன் பாதிக் கண்ணால் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பதுகளில் கப்பல் ஏறி வந்த இத்தாலிய ஆட்களும் இந்த நகரத்தில் இப்படித்தான் ஒரு வீட்டுக்குள் நெருக்கியடித்து இருந்தவர்கள். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் ஒரு கிழமை எங்களோடு பேசவில்லை.

வீடு விற்றதும் மாத முடிவுக்குள் போகச் சொன்னார். போனோம். எங்களுக்குச் சட்டமும் தெரியாது, அகதி விசாரணை முடியாமல் சட்டம் பேசுகிற துணிவும் இல்லை. இன்றைய பிள்ளைகள் அப்படியில்லை, போனில் தேடினால் முடிந்தது. இது எனக்குச் சந்தோஷம்தான். பேஸ்மென்டில் இருந்து மேலே ஏறிய எங்கள் ஆட்களில் சிலருக்கு மட்டும் இது பிடிப்பதில்லை. "நாங்கள் வந்த காலத்தில்" என்று தொடங்குவார்கள். வந்த காலத்தில் பட்டதை அடுத்தவனுக்கும் கொடுக்க வேண்டுமென்று என்ன நேர்த்தியோ தெரியாது.

சரி, உங்கள் விஷயம். வெளியே அனுப்புவதை விடப் பெரிய சிக்கல் ஒன்று உங்களுக்குக் காத்திருக்கிறது. வாங்குபவர் வீடு வெறுமையாக வேண்டுமென்பார். ஏஜென்ட் "அதெல்லாம் சரிவரும், எழுதுங்கோ" என்பார். நீங்களும் கையெழுத்துப் போடுவீர்கள். பிள்ளைகள் போகாவிட்டால் குறித்த நாளில் வீட்டைக் கைமாற்ற முடியாது, வாங்கியவர் உங்கள்மேல் வழக்குப் போடுவார், வாடகைத் தீர்ப்பாயத்தில் உங்கள் முறை வர மாதக் கணக்காகும். இந்த 'சரிவரும்' என்ற சொல்லை நம்பிக் கெட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ஒழுங்கான வழி இதுதான். வாங்குபவரோ அவருடைய துணையோ பிள்ளையோ பெற்றோரோ உண்மையிலேயே அங்கே குடியிருக்கப் போகிறார்கள் என்றால், விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு பிள்ளைகளுக்கு வீட்டை விடச் சொல்லும் என்-12 படிவம் கொடுக்கலாம். குறைந்தது 60 நாள் அவகாசம், அதோடு ஒரு மாத வாடகையை நீங்கள் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். குத்தகைக் காலம் முடியாமல் இருந்தால், அது முடியும் நாளுக்கு முன் போகச் சொல்ல முடியாது. இந்த நாட்களைக் கணக்குப் பார்த்துத்தான் கைமாற்றும் தேதியை எழுத வேண்டும். ஏஜென்டின் வசதிக்கு எழுதக் கூடாது. இல்லாவிட்டால் பிள்ளைகளோடு இருந்து பேசி, போவதற்கு ஒரு தொகை ஒத்துக்கொண்டு, வாடகையை முடித்துக்கொள்ள ஒத்துக்கொள்ளும் என்-11 படிவத்தில் இரு பக்கமும் கையெழுத்து. என்னைக் கேட்டால் இதுதான் நல்லது. பேசப் போகும்போது ஏதாவது சாப்பாடு கொண்டு போங்கோ. பரீட்சைக் காலத்தில் மட்டும் போகாதேங்கோ.

பேஸ்மென்டைப் பற்றி இன்னொன்று. இங்கே விற்பனை விளம்பரங்களில் பேஸ்மென்டின் 'ரெட்ரோஃபிட்' நிலைக்கு விற்பவர் உத்தரவாதமில்லை என்று ஒரு வரி போடுவார்கள். தீப்பாதுகாப்பும் அனுமதியும் இருக்கிறதோ இல்லையோ எங்களைக் கேட்காதே என்பதுதான் அர்த்தம். அந்த வரி ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். புகை அலாரம், கார்பன் மொனொக்சைட் அலாரம் இரண்டும் வேலை செய்கிறதா, படுக்கையறை யன்னல் வழியாக ஆள் வெளியே வரலாமா என்று இன்றைக்கே பாருங்கள். விற்பதற்காக மட்டும் சொல்லவில்லை, கீழே பிள்ளைகள் படுக்கிறார்கள்.

அடுத்தது சுடுதண்ணித் தாங்கி. வாடகையா சொந்தமா? கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது, அதுவும் சமையலறைக்குப் பளிங்கு மாதிரிக் கல் போட்டவர்களுக்கு. ஃபர்னஸ், ஏசி, தண்ணீர் வடிகட்டி எல்லாவற்றுக்கும் கம்பனிக்காரர் வாசலில் வந்து வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. 2018 மார்ச்சில் மாகாணம் அந்த வாசல் வியாபாரத்தைத் தடை செய்தது. அந்த ஒப்பந்தங்களைக் காட்டி நிலப் பதிவிலேயே 'நோசி' என்று, அந்தப் பொருளில் தங்களுக்கு உரிமை உண்டென்ற அறிவித்தல் ஒன்றைப் பதிந்து வைத்தார்கள், விற்கும்போதுதான் வெளியே வரும். 2024 ஜூனில் அதையும் செல்லாமல் ஆக்கிவிட்டார்கள். ஆனால் பதிவு போனாலும் ஒப்பந்தம் போகாது. நீங்கள் வாங்கும்போது பழைய சொந்தக்காரரின் ஒப்பந்தம் ஏதாவது உங்கள் தலையில் ஏறியதா என்று அந்தக் கடதாசிகளை எடுத்துப் பாருங்கள். வங்கியிடமும் மோர்கேஜை முறித்தால் தண்டம் எவ்வளவு, கல்கரி வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று எழுத்தில் கேளுங்கள். நிலையான வட்டி என்றால் தண்டம் ஆளை விழுத்தும்.

மீதிக் கேள்விகள். நிறம்: வெள்ளைக்குக் கிட்ட ஏதாவது. மாதம்: அவருக்கு வேலை தொடங்கும் மாதத்தைப் பொறுத்தது, வேறு என்ன? ஏஜென்ட்: கொமிஷன் பேசித் தீர்க்கிற விஷயம், அதற்கு மேல் 13 வீதம் விற்பனை வரி. கடைக் கலண்டரில் படம் இருக்கிறது, கலியாண வீட்டில் மேடையேறிப் பேசினார் என்பதெல்லாம் தகுதி இல்லை. மச்சான் முறை என்பது அதைவிடத் தகுதி இல்லை. ஸ்டேஜிங்: வேண்டுமென்றால் செய்யுங்கள். சாமிப்படத்தை எடுக்கச் சொல்வார்கள். நான் எடுக்கவில்லை, வீடும் விற்றது. ஆனால் மீன் பொரித்த வாசனைக்கு மெழுகுதிரி கொளுத்தி மறைக்கிற வேலை வேண்டாம், மீனும் மெழுகும் சேர்ந்து இன்னும் மோசமாக மணக்கும். அடுப்புக்கு மேலிருக்கும் காற்றாடியின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள், அலுமாரிகளின் உச்சியில் பிடித்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள், திரைச்சீலைகளைத் தோயுங்கள், பிறகு பெயின்ட். பிசுக்குக்கு மேல் பெயின்ட் அடித்தால் ஒட்டாது.

விற்ற வருடத்து வரிக் கணக்கில் வீடு விற்றதை எழுத வேண்டும், வரி வராவிட்டாலும். 2016இல் இருந்து அப்படி. பேஸ்மென்ட் வாடகையை இதுவரை காட்டினீர்களா என்று நான் கேட்கவில்லை, கணக்காளர் கேட்பார்.

ஒரு விவரம் உங்கள் கேள்வியில் இல்லை. அந்தப் பிள்ளைகளுடன் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? 2018 ஏப்ரல் முடிவில் இருந்து மாகாணத்தின் பொதுப் படிவத்தில்தான் எழுத வேண்டும். இருந்தால் முடிகிற தேதியைப் பார்த்து எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் நீங்கள் வசந்தத்தில் விற்கலாமா, கோடையில்தானா என்று சொல்லலாம்.